தாடி வைத்தவரும் பிள்ளை ஏந்தியவரும்

பாப்பா, தம்பி, இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். போன பொங்கல் வாரம் முழுக்க அப்பா ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன், கோயில் பக்கம் போய்விட்டு வரும்போதெல்லாம் வண்டிக் கதவை ஏன் அவ்வளவு சத்தமாகச் சாத்தினேன் என்று நீங்கள் அம்மாவிடம் கேட்டீர்களாம். "உங்கப்பாவ அந்தோணியாரு புடிச்சு ஆட்டுறாரு, ஒரு வாரத்துல விட்டுருவாரு" என்று அவள் சொன்னாளாம். அவள் சிரிப்பாள். ஊரே சிரித்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி, திருவிழா அன்று நீ கேட்ட கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். உன் பேர் மூத்த அந்தோணியாருடைய பேர். தாடி வைத்தவர், பன்றியோடு நிற்பவர். புதிதாக வந்து நிற்பவருடைய பேர் இல்லை. புதியவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவரும் புனிதர்தான், பெரிய புனிதர். ஆனால் ஆள் வேறு. இந்த ஒன்றைச் சொல்லத்தான் தொண்டை வற்றக் கத்தினேன். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. எனக்குக் கோர்வையாகப் பேச வராது, எட்டாவதோடு படிப்பை விட்டவன். எழுதினால் நடுவில் யாரும் குறுக்கே விழுந்து பேச மாட்டார்கள் அல்லவா? எழுத்தில் தப்பு இருந்தால் பாப்பா திருத்திக்கொள்.

நம்ம கோயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நாளைக்கு நீங்கள் எந்த ஊரிலோ இருந்துகொண்டு இதைப் படிக்கலாம். வத்தலக்குண்டு ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்புகிற இடத்தில் ஒரே ஒரு கூடம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு பங்குச்சாமி வந்து பூசை வைப்பார். மற்ற நாளெல்லாம் ஊருக்கு அந்தோணியார்தான் துணை. முகப்பில், கம்பிக் கதவு போட்ட மாடம் மாதிரியான கெபிக்குள் நிற்பார். சிமெண்டில் செய்த சுரூபம். மூக்கு கொஞ்சம் கோணல். காவி அங்கி, மார்பு வரைக்கும் தாடி, வலது கையில் ஆள் உயரத்துக்கு ஒரு கோல், காலடியில் ஒரு பன்றி. திருவிழாவுக்கு வெள்ளையடிக்கும்போது அவருக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். அவருக்குக் காவி என்பது மாறாது. பன்றிக்கு மட்டும் டப்பாவில் எது மிச்சமோ அது. ஒரு வருஷம் பச்சைப் பன்றியாகவே நின்றது.

இவர் எகிப்து தேசத்துக்காரர். நிலபுலம் உள்ள குடும்பம். அப்பா அம்மா சீக்கிரமே தவறிவிட்டார்கள். ஒரு நாள் கோயிலில், உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்று வாசித்ததைக் கேட்டு, அது தன்னைப் பார்த்தே சொன்னதாக எடுத்துக்கொண்டார். நாமும்தான் அந்த வாசகத்தை வருஷா வருஷம் கேட்கிறோம், கேட்டுவிட்டு வந்து சாப்பிடுகிறோம். அவர் நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டு வனாந்தரத்துக்குப் போய்விட்டார். அதனால்தான் வனத்து அந்தோணியார். நூறு வயதுக்கு மேல் இருந்ததாகச் சொல்கிறார்கள். அவர் காலத்துக்கு வெகு பின்னால் அவர் பேரில் சபை நடத்திய துறவிகள் தோல் வியாதிக்காரர்களை வைத்துப் பார்த்தார்களாம். பன்றிக் கொழுப்பைத்தான் மருந்தாகப் பூசினார்களாம். பன்றி அப்படித்தான் அவர் காலடிக்கு வந்தது. ஆடுமாடுகளுக்கு அவர் காவலானதும் அப்படித்தான்.

இன்னொருவர் பதுவை அந்தோணியார். போர்த்துக்கல் நாட்டில் பிறந்து, இத்தாலியில் பதுவை என்ற நகரத்துப் பக்கம் செத்துப்போனவர். சாகும்போது முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதுதான். பெரிய பிரசங்கி. தாடி மீசை இல்லாத முகம், ஒரு கையில் குழந்தை இயேசு, இன்னொரு கையில் லீலிப் பூ. காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் இவர்தான். மூத்தவருக்குத் தையில் திருவிழா, இவருக்கு ஜூனில். இருவருக்கும் நடுவில் ஏறக்குறைய தொள்ளாயிரம் வருஷம். ஒருவர் மண்ணை மற்றவர் மிதித்ததுகூட இல்லை.

நம்ம ஊரில் இந்த இரண்டு பேரையும் என்றைக்கோ ஒன்றாக்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை நவநாள் செபம் பதுவையாருக்கு உரியது. அந்தச் செபப் புத்தகத்தை யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள், பெண்களும் செவ்வாய்தோறும் கெபி முன்னால் கூடிப் படித்தார்கள். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தியவரே என்று இவர்கள் உருகுவார்கள். அவர் கையில் கோல்தான் இருக்கும். அவரும் ஒன்றும் சொன்னதில்லை. அதுவரைக்கும் எனக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

என் விஷயம் வேறு. போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலத்தில் மாடுகளுக்கெல்லாம் உடம்பு முழுக்கக் கட்டி கட்டியாக வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மேலத்தெருவில் வரிசையாகச் செத்தது. நம்ம செவலைக்கும் வந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டார், அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினாள். மாடு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த மாட்டின் பால் காசை நம்பித்தான் உங்கள் அம்மா இந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்கிறாள், அது உங்களுக்குத் தெரியும். நான் வேண்டுதல், பொருத்தனை என்று போகிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு மழையோடு போய் அந்தக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இது பொழச்சுச்சுன்னா, என் வீட்ல இருக்குற வரைக்கும் வருஷா வருஷம் இது கயித்த என் கையாலயே ஒங்க கோலுல மாட்டுறேன்" என்று சொன்னேன். அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் சொன்னேன். அந்தக் கோணல் மூக்கை. மாடு பிழைத்தது.

கயிறு என்றால் வெளியூர்க்காரருக்கு விளங்காது. மாட்டுப் பொங்கலுக்கு எல்லா ஊரிலும் மாட்டுக்குப் புதுக் கயிறு மாற்றுவார்கள், பழையதை வீசிவிடுவார்கள். நம்ம ஊரில் வீசுவதில்லை. எடுத்துவைத்து, அடுத்து வரும் அந்தோணியார் திருவிழாவுக்கு மாட்டையும் ஓட்டிக்கொண்டு போய், பழைய கயிற்றை அவர் கோலில் மாட்டிவிட்டு வருவோம். போன வருஷம் மாடு பட்ட பாடெல்லாம் கயிற்றோடு அவரிடம் போய்விடும் என்று நம்பிக்கை. வேதக்காரராகிய நாம் மட்டுமில்லை, சுற்றுப்பட்டு விவசாயிகள் எல்லாரும் கொண்டுவருவார்கள். சாயங்காலத்துக்குள் கோல் நிறைந்து அவர் தோள் வரைக்கும் கயிறாகக் கிடக்கும். முதல் வருஷம் மாட்டினேன். போன தையில் இரண்டாவது தடவை மாட்ட வேண்டும்.

மார்கழிக் கடைசியில் கோயில் தலைவர் எனக்குப் போன் பண்ணினார். அம்மாவுக்குப் பெரியப்பா, எனக்கு மாமா. "மாப்ள, திண்டுக்கல் பார்சல் ஆபீசுக்கு ஒரு பெட்டி வந்துருக்கு. நம்ம அந்தோணியாரு, புதுசு. திருப்பூர் மருமகன் செஞ்சு அனுப்பிருக்காரு. பதனமா ஏத்தியாந்துரு."

எனக்குச் சந்தோஷம்தான். சிமெண்டு உதிர்கிறது, மூக்கு இன்னும் கொஞ்சம் கோணிவிட்டது, அதே மாதிரி புதிதாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மார்க்கெட்டில் கத்தரிக்காயை இறக்கிவிட்டு, லோடு வண்டியைக் கூட்டிக் கழுவி, வைக்கோல் பரப்பி அந்தப் பெட்டியை ஏற்றினேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் பிள்ளைத்தாச்சியை உட்கார வைத்து ஓட்டுகிற மாதிரி ஏற்றி இறக்கினேன். பின்னால் வந்த பஸ்காரன் ஆரன் அடித்து அடித்து, கடைசியில் பக்கத்தில் வந்து, "உள்ள என்னா முட்டையா?" என்று கேட்டான். "அந்தோணியாரு" என்றேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு முந்திக்கொண்டு போனான். இதையெல்லாம் நானேதான் செய்தேன். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

கோயில் வாசலில் பெட்டியைப் பிரித்தார்கள். முதலில் பூ தெரிந்தது. அடுத்து ஒரு குழந்தையின் கை. வைக்கோலை வழித்து எடுத்ததும் பளபளவென்று ஒரு பையன் முகம். கூடி நின்ற பெண்கள், "ஆத்தீ, என்னா அழகு! கன்னத்தப் பாரு!" என்றார்கள்.

"மாமா, இது யாரு?" என்றேன்.

"யாருன்னா கேக்குற? அந்தோணியாருப்பா."

"நம்ம அந்தோணியாரு மாதிரி இல்லையே."

"புதுசுல்ல? புதுசு அப்படித்தான் இருக்கும்."

"மாமா, இவரு பதுவையாரு. நம்மாளு வனத்து அந்தோணியாரு. ரெண்டு பேரும் வேற வேற ஆளு."

"பேரு என்னா?"

"பேரு ஒண்ணுதான்."

"அப்புறமென்ன?" என்று சொல்லிவிட்டு அவர் வைக்கோலைக் கூட்டச் சொன்னார்.

இந்த "அப்புறமென்ன"வை அந்த வாரத்தில் எத்தனை வாயிலிருந்து கேட்டேன் என்று எனக்கே தெரியாது. டீக்கடையில் கேட்டேன். செவ்வாய்க்கிழமைப் பெண்களிடம் கேட்டேன். அவர்களுக்கோ ஒரே மகிழ்ச்சி. இத்தனை வருஷம் புத்தகத்தில் படித்த குழந்தை இப்போதுதான் அவர் கைக்கு வந்திருக்கிறது என்றார்கள். நான் ஒரு கணக்குச் சொல்லிப் பார்த்தேன். நம்ம தெருவில் அந்தோணி என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். மில்லுக்குப் போகிறவன், டெய்லர், பெங்களூருக்குப் போய்த் திரும்பி வந்தவன் என்று அடையாளம் சொல்லித்தான் பேசுகிறோம். "டெய்லரு தச்ச சட்டைக்கு மில்லுக்காரனப் போயி நீங்க பாராட்டுவீங்களா?" என்று கேட்டேன். டெய்லரே அங்கே உட்கார்ந்திருந்தான். "யாருண்ணே என்னையப் பாராட்டுனா? பேரச் சொல்லுங்க, அவரப் பாக்கணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் பேச்சு அதோடு போயிற்று.

மறுநாள் காலையில் பார்த்தால் கெபிக்குள் புதியவர் நிற்கிறார். பழையவரைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்துப் பின்னால் சாமான் அறையில் வைத்துவிட்டார்கள். நேரே மாமா வீட்டுக்குப் போனேன். அவர் தட்டில் இட்லியோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, புதுசு வைக்கிறத நான் வேணாங்கல. பக்கத்துலயே இன்னொரு கெபி கட்டி வைங்க. பழையவர எதுக்கு எடுத்தீங்க?"

"ஒக்காரு மாப்ள. சாப்டியா?"

"சாப்பாடு கெடக்கட்டும். நான் நேந்துக்கிட்டது அவருகிட்ட."

அவர் இட்லியைப் பிட்டுச் சட்டினியில் தோய்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "என் மக கல்யாணத்துக்கு வந்தானுகல்ல திருப்பூர்க்காரனுக. நம்ம கெபிய போட்டோ புடிச்சு போன்ல அனுப்பிக்கிட்டானுக. பன்னி சாமி ஊர்ல பொண்ணு எடுத்துருக்கோம்னு. அவ இன்னிக்கு வரைக்கும் அத எங்கிட்டச் சொல்லி அழுகுறா. மருமகன் நல்ல மனுசன், அவரே செலவழிச்சு செஞ்சு குடுத்துருக்காரு. அத நான் பக்கத்துல வைக்கவா?"

ஒரு தகப்பனுக்கு அது பெரிய காரணம்தான். ஆனால் பாப்பா, பன்றிக்காக வெட்கப்பட்டு அந்த மனிதரையே உள்ளே தள்ளினால் அது என்ன நியாயம்? பன்றி அங்கே நிற்பது வியாதிக்காரனுக்கு மருந்து பூசின கதைக்காக. அதை அந்தத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்லியிருந்தால் போதாதா? இதெல்லாம் வீட்டுக்கு வருகிற வழியில்தான் எனக்குத் தோன்றியது. மாமா முன்னால் நிற்கும்போது ஒன்றுமே தோன்றவில்லை.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவள் தீவனத்தைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நீங்க நேந்தது மாட்டுக்குத்தான?"

"ஆமா."

"மாடு நல்லாருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் கயித்த யாரு வாங்குனா என்ன? மேல போயி ரெண்டு பேரும் பேசிக்கிற மாட்டாங்களா?"

"ஒன்கிட்ட பால் வாங்கிட்டு வேற வீட்ல காசு குடுத்தா சும்மா இருப்பியா?"

"நான் மனுசி, கேப்பேன். அவுங்க புனிதருங்க" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். உங்கள் அம்மாவிடம் பேசி ஜெயித்தவன் கிடையாது.

கடைசியாகப் பங்குச்சாமியைப் பார்க்கப் போனேன். அவர் இளவயசு. நிறையப் படித்தவர், பொறுமையாகவும் கேட்டார். நான் சொன்னது சரிதான், இருவரும் வேறு வேறு ஆள்தான் என்றதும் எனக்கு உயிர் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொரு விசயம் சொல்றேன் கேளுங்க. பதுவையாருக்கு அந்தோணின்னு ஞானஸ்நானத்துல வச்ச பேரே இல்ல. அவரு துறவியாச் சேந்த மடம் வனத்து அந்தோணியாரு பேருல இருந்துச்சு. அந்தப் பேரத்தான் அவரு எடுத்துக்கிட்டாரு" என்றார்.

எனக்கு இது புதிது. "அப்ப மூத்தவருகிட்ட இருந்துதான் இவருக்கே பேரு வந்துச்சா?"

"ஆமா. இவரு மட்டுமில்ல. அந்தப் பேருல எத்தனையோ பேரு இருக்காங்க. கீவ் நகரத்துல குகையில தவம் பண்ணுன ஒருத்தரு, கியூபா தீவுல ஆயரா இருந்த ஒருத்தரு. எல்லாரும் அந்த வரிசைதான். அதனால பேதம் பாக்க வேண்டாம்னு சொல்றேன்."

"சாமி, நீங்க சொல்றதப் பாத்தா இன்னும் மோசமால்ல இருக்கு? பேரு குடுத்தவர சாமான் ரூம்புல போட்டுட்டு, பேரு வாங்குனவர வாசல்ல வச்சிருக்கோம். அவருக்கே இது சங்கடமா இருக்காதா?"

சாமி சிரித்தார். நல்ல சிரிப்புதான், கேலி இல்லை. "நல்லா சிந்திக்கிறீங்க" என்றார். ஊர் சம்மதத்தோடு வைத்ததை உடனே மாற்றினால் திருவிழா நேரத்தில் சண்டை வரும், அடுத்த வருஷம் பங்குப் பேரவைக் கூட்டத்தில் பேசிப் பார்க்கலாம் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வண்டிக் கதவைச் சாத்தினேன். நீங்கள் அம்மாவிடம் கேட்ட அந்தச் சத்தம்தான்.

திருவிழா அன்று விடியற்காலையில் சேவுகம்பட்டிக்குப் போனேன். அங்கே ஒரு விவசாயி இருக்கிறாரே, அவர் காய்கறியை நான்தான் மார்க்கெட்டுக்கு ஏற்றுவேன். இந்துக் குடும்பம், ஆனால் ஒரு வருஷம் தவறாமல் தன் காளைகளை நம்ம கோயிலுக்குக் கொண்டுவருவார். காளைகளைப் பின்னால் ஏற்றி அவரை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வரும்போது என் மனசுக்குள் ஒரு நம்பிக்கை. ஊர்க்காரர் சொன்னால் எடுபடாது. இத்தனை வருஷம் தாடிக்காரரைத் தேடி வந்தவர் வாசலில் நின்று, "எங்க சாமி எங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், மாமாவே திகைத்துப் போவார். அதனால் வழியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அண்ணே, இப்ப உள்ள இருக்குறவரு வேற ஆளு. தாடி கெடையாது. பன்னி கெடையாது."

அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். "பன்னி எங்க போச்சாம்?"

"பன்னிய விடுங்கண்ணே. ஆளே வேறங்குறேன்."

"வயசு என்னா இருக்கும்?"

"முப்பத்தஞ்சு."

"பரவால்ல அப்பு. பழைய சாமிக்கு வயசாகிப் போச்சு, அம்புட்டு மாட்டையும் அவரு ஒத்தையா எப்படிப் பாப்பாரு? எளந்தாரி ஓடியாடிப் பாப்பாருல்ல?"

அதற்குமேல் நான் வண்டியை மட்டும் ஓட்டினேன்.

கோயில் வாசலில் மாடுகள் நிறைந்துவிட்டன. நீங்களும் செவலையை ஓட்டிக்கொண்டு அம்மாவோடு வந்திருந்தீர்கள், பொட்டு வைத்து, கொம்புக்கு மஞ்சள் தடவி. பங்குச்சாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். கயிறு மாட்டுகிற நேரம் வந்ததும்தான் ஊருக்கு விஷயம் உறைத்தது. கயிற்றை எங்கே மாட்டுவது? கோல் இல்லை. எல்லாரும் கெபிக்கு முன்னால் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். யாரோ ஒருத்தர் லீலிப் பூவில் மாட்டினார். அது பைபர், உடனே வளைந்துகொண்டது. அப்போதுதான் சேவுகம்பட்டிக்காரர் முன்னால் போனார். செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார், தன் காளைகளின் கயிறுகளை எடுத்துக் குழந்தை இயேசுவின் நீட்டின கையில் பயபக்தியோடு மாட்டினார்.

"ஏய், ஏய்!" என்று மாமா ஓடிவந்தார். "கொழந்த கையிலயா சாணிக் கயித்தப் போடுற?"

"கைய நீட்டுனாரு, குடுத்தேன்" என்றார் அவர்.

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் மாடுகள் மிரண்டன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதுதான் சமயம் என்று சாமியிடம் போனேன். "சாமி, பழையவர செத்த நேரம் வெளிய கொண்டாந்து வைக்கச் சொல்லுங்க. கயித்த மட்டும் மாட்டிட்டுப் போயிர்றோம். நாலு ஆளு போனா தூக்கிரலாம்" என்றேன். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. திருப்பூர் மருமகன் குடும்பத்தோடு வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மாப்ள, இன்னிக்கு வேணாம் மாப்ள" என்று மட்டும் மாமா சொன்னார். பிறகு, சமையலுக்குத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த நீலப் பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துக் காலி பண்ணிக் கெபிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். "கயிறெல்லாம் இதுல போடுங்கப்பா! வரிசையா வாங்க!"

எல்லாரும் போட்டார்கள். ஒருத்தருக்கும் அது உறுத்தவில்லை. கும்பிட்டுக்கொண்டே போட்டார்கள்.

நான் நம்ம கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. "போடுப்பா", "நகருப்பா" என்று குரல்கள். "அண்ணனுக்கு ஆளு தெரியணுமாம்" என்று டெய்லர் சத்தம் போட்டான். அந்த நேரத்தில்தான் தம்பி, நீ என் சட்டையை இழுத்து, "அப்பா, இனிமே எனக்கு இவரு பேரா?" என்று கேட்டாய். ஒலிபெருக்கியில் கொட்டுச் சத்தம். என்ன பதில் சொல்வது என்று நான் குனிவதற்குள் அம்மா என் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு தொட்டியில் போட்டாள். "வாங்க, மாடு வெயில்ல நிக்குது" என்றாள்.

அவ்வளவுதான். என் கையால் மாட்டுகிறேன் என்றது அவள் கையால் தொட்டியில் விழுந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் மாடு, அவள் பயம். அன்று சாயங்காலம் கறிச்சோறு பந்தியில் எல்லாரும் என் இலையைப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார்கள். மாமாவே வந்து எலும்பில்லாத கறியாக அள்ளி வைத்தார். யாரும் என்னைப் பகைக்கவில்லை. பகைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நான் சொன்னதை ஒருத்தர் கேட்டு, இல்லை, நீ சொல்வது தப்பு என்று சொல்லியிருந்தால்கூடப் போதும். எல்லாருமே தலையை ஆட்டினார்கள், எல்லாருமே "அப்புறமென்ன" என்றார்கள். பந்தி முடிந்து, பாத்திரக்காரர் தொட்டியிலிருந்து இரண்டு கயிற்றை எடுத்துத் தன் அண்டாக்களை வண்டியில் வைத்துக் கட்டினார். அதில் நம்முடையது இருந்ததா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் பெரியவர்களாகி இதை எப்படி எடுத்துக்கொள்வீர்களோ எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு வேறு வேலை இல்லை என்றுகூட நினைக்கலாம். நான் சொல்வது இதுதான். ஒரே பேரில் பத்துப் பேர் இருக்கலாம், பத்துப் பேரும் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனாலும் உனக்காக நின்றவர் ஒருவர்தான். அவரை அடையாளம் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷம் பேரவையில் பேசுவேன். கேட்பார்களா என்று தெரியாது. இப்போதே டீக்கடையில் என்னைப் பார்த்ததும், "எந்த அந்தோணியாரு வாராரு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

திருவிழாவுக்கு மறுநாள் மத்தியானம், வாடகைப் பெஞ்சுகளை ஏற்றுவதற்காக வண்டியோடு கோயிலுக்குப் போனேன். ஒரு ஆளும் இல்லை. இலைகள் காய்ந்து கிடந்தன, ஒரு நாய் படுத்திருந்தது. பெஞ்சுகளை ஏற்றி முடித்துவிட்டுப் பின்பக்கம் போனேன். சாமான் அறைக் கதவை ஒரு கம்பியால் முறுக்கித்தான் வைத்திருந்தார்கள். பிரித்து உள்ளே போனேன். உடைந்த டியூப் லைட்டுகள், பழைய கொடிமரத் துணி, சுருட்டி வைத்த பிளக்ஸ் தட்டிகள். மூலையில், சுவரைப் பார்த்தபடி அவர் நின்றார். முதுகு மட்டும்தான் தெரிந்தது. முதுகுக்கு இத்தனை வருஷமும் யாரும் பெயிண்டே அடிக்கவில்லை என்பதை அன்றுதான் பார்த்தேன், வெறும் சிமெண்டாக இருந்தது. தோளில் கை கொடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை, ஒற்றை ஆளால் ஆகிற கனம் இல்லை. கூம்பு ஒலிபெருக்கி ஒன்றை யாரோ அவர் தலையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதைத் தூக்கித் தரையில் வைத்தேன்.